நடந்து போன ஏழாம் நம்பர்

டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஞ்சண்ணன் என்பார்கள். அவர் பிரேக் பிடித்தால் பஞ்சில் கால் வைத்த மாதிரி இருக்குமாம். கம்பியைக்கூடப் பிடிக்காமல் நின்றுகொண்டு, நிறைந்த பால் பாத்திரத்தைச் சொட்டுச் சிந்தாமல் அவருடைய பஸ்ஸில் கொண்டுபோனவர்கள் உண்டு. இருபத்தாறு வருடமாக அதே ஏழாம் நம்பர், அதே இருபத்திரண்டு நிறுத்தங்கள். ஸ்டியரிங்கை எடுத்துவிட்டால் மனுஷருக்கு வேறு உலகமே கிடையாது.

அப்படிப்பட்டவரை உடல் பரிசோதனையில் டிப்போ டாக்டரம்மா மூன்று மாடி ஏறிக்காட்டச் சொன்னார். பஞ்சண்ணன் இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். சர்க்கரை எகிறிக் கிடந்தது. ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"மூணு மாசம் ஸ்டியரிங்கத் தொடக்கூடாது" என்றார் டாக்டரம்மா. "மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுங்க, தினம் நடங்க. அப்புறம் வந்து ஏறிக் காட்டுங்க. அப்பவும் இப்படியே இருந்தீங்கன்னா நிரந்தரமா டைம் கீப்பர் கூண்டுதான், சொல்லிட்டேன்."

டைம் கீப்பர் கூண்டு என்பது முதல் நிறுத்தத்தில் இருக்கும் தகரப்பெட்டி. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. மற்றவன் ஓட்டிவரும் பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதவேண்டும். மறுநாளே அவரை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். ஏழாம் நம்பருக்குப் புதிதாக ஒருவனைப் போட்டிருந்தார்கள். அவன் பிரேக் போடும் லட்சணத்தில், நிற்பவர்கள் எல்லாம் முன்னால் இருப்பவர் முதுகில் போய் ஒட்டிக்கொண்டார்கள். கூண்டுக்குள்ளிருந்து அதைப் பார்த்தவருக்கு வயிறு எரிந்தது.

அவர் மனைவி மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுப்பவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு காலை முதல் மாலை வரை வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. தெருவே அவளை மீட்டரக்கா என்றுதான் அழைக்கும். "உனக்கென்னம்மா, ஜாலியா ஊர் சுத்துற வேலை" என்று இத்தனை வருடமும் கிண்டல் செய்துகொண்டிருந்தவர் இப்போது வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் ரோஷம் விடவில்லை. விலை கூடிய ஷூ ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் நடப்பது என்று கிளம்பினார். ஓட்டமும் நடையுமாகத் தெருமுனை தாண்டி மூன்றாவது விளக்குக் கம்பம் வரை போனார். விலாவில் பிடித்துக்கொண்டது, குதிகாலில் கொப்புளம். கம்பத்தைப் பிடித்தபடி நின்றவரை மனைவிதான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

"நடக்கிறதெல்லாம் நமக்கு ஆகாதும்மா. இது உக்காந்தே பழகின உடம்பு."

அவள் கொப்புளத்துக்கு மருந்து தடவிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, வண்டிய எடுத்ததும் டாப் கியர்லயா ஓட்டுவீங்க?"

"அதெப்படி? இஞ்சின் என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப உங்க இஞ்சின் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? முதல் ஸ்டாப்புல இருந்து ரெண்டாவது ஸ்டாப் எவ்வளவு தூரம்?"

"அரை கிலோமீட்டர்."

"அதுவரைக்கும் போலாம். நின்னு, ஆள இறக்கி ஏத்திட்டு, திரும்பி வந்துடலாம். பேசிக்கிட்டே நடக்கணும். பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்."

ஆள இறக்கி ஏத்திட்டு என்று அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் விடிகாலையில் இரண்டாவது நிறுத்தத்தில் மஞ்சள் கோட்டருகே சரியாகப் போய் நின்றார். ஒரு நிமிடம் அசையவில்லை. வலது தோளுக்கு மேல் பின்னால் பார்த்தார். பிறகுதான் காலை எடுத்தார். திருப்பத்தில் வலது கையை நீட்டி சிக்னல் வேறு காட்டினார்.

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னங்க இது, ஜனங்க பாக்குறாங்க!"

"பழக்கம்மா. ஸ்டாப்புல நிக்காம போனா கால் கூசுது."

இந்தக் கூச்சம்தான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்லவேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிடைத்த அந்த ஒரு நிமிடத்தில் மூச்சு தன் இடத்துக்கு வந்துவிடும். கடைசி நிறுத்தம் வரையிலான பதினொரு கிலோமீட்டரை நினைத்தால்தான் மலைப்பு. அடுத்த நிறுத்தத்தை நினைத்தால் ஒன்றுமே இல்லை. முதல் வாரம் இரண்டாவது நிறுத்தம், அடுத்த வாரம் மூன்று, அதற்கடுத்த வாரம் ஐந்து. போகும்போது நடை, திரும்பும்போது பஸ். ஒரு சாயங்காலம் கையில் தண்ணீர் கேனோடு வீட்டு மாடிப்படியை ஏறி, கதவைத் திறந்து, கேனை இறக்கி வைத்த பிறகுதான், நடுவில் எங்கேயும் நிற்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. உடனே மனைவியைக் கூப்பிட்டு அதை இரண்டு தடவை சொன்னார்.

நான்காவது நிறுத்தத்தில் தினமும் ஏழாம் நம்பருக்குக் காத்திருப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒருநாள் மஞ்சள் கோட்டருகே வந்து நின்ற பஞ்சண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன டிரைவர், பஸ் எங்க?"

"பஸ் பின்னால வருது சார். நான் மட்டும் முன்னாடி ஓடுறேன்."

"இடம் இருக்கா?"

"உக்கார இடமில்ல. நின்னுக்கிட்டே வர்றதா இருந்தா ஏறுங்க."

வாத்தியார் ஏறிவிட்டார். இரண்டு நிறுத்தம் தள்ளியிருக்கும் நூலகத்துக்குத்தான் அவர் நாற்பது நிமிடம் பஸ்ஸுக்குக் காத்திருந்தாராம். நடந்துபோனால் பதினைந்து நிமிடம். இத்தனை வருடமாக இந்தக் கணக்கைப் போடத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் எட்டாவது நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வீடு திரும்பும் நர்ஸம்மா சேர்ந்துகொண்டார். பிறகு நர்ஸம்மாவின் தங்கை, பேக்கரிக்காரர், வாத்தியாரின் சம்பந்தி, இன்னும் இரண்டு பேர். அவரவர் நிறுத்தத்தில் ஏறி அவரவர் நிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைசியில் நிற்கும் மீட்டரக்கா "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்தால்தான் பஞ்சண்ணன் நகர்வார்.

மூன்றாவது மாதமும் முடியும் நேரம். பதினான்காவது நிறுத்தம் வரை வந்தாயிற்று. ஆனால் டாக்டரம்மாவின் மாடிப்படி மட்டும் அவர் மனதை விட்டுப் போகவில்லை. அங்கேயும் பாதியில் நின்றுவிட்டால்?

"இந்த ஞாயித்துக்கிழமை கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிடணும்" என்றார் மனைவியிடம். "போயிட்டேன்னா அந்த மூணு மாடி எனக்குத் தூசு. முடியலைன்னு வெச்சுக்கோ, திங்கக்கிழமை நானே போய் கூண்டு போதும் டாக்டர்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"சும்மா உளறாதீங்க" என்றாள் அவள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் கிளம்பினார்கள். பேச்சும் சிரிப்புமாகப் பதினைந்து நிறுத்தம் போனதே தெரியவில்லை. பதினாறைத் தாண்டும்போது பஞ்சண்ணன், பஸ்ஸுக்குள் ஒருவர் விட்டுவிட்டுப் போன ஆட்டுக்குட்டி, கண்டக்டரின் டிக்கெட் புத்தகத்தைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

பதினேழாவது நிறுத்தத்துக்கு வந்தபோது அங்கே பெஞ்சில் நர்ஸம்மா உட்கார்ந்து சாவகாசமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பதினாறில் ஷூ கயிறு கட்டப் பின்தங்கியவர் அவர். முன்னால் எப்படி வந்தார் என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"எங்க போயிட்டீங்க எல்லாரும்? நான் வந்து இருபது நிமிஷமாச்சு!"

பெஞ்சின் மறுகோடியில் பஞ்சண்ணன் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு தொடையும் கனத்துக் கிடந்தன. "அவ்வளவுதான்மா. இதுக்கு மேல முடியாது. பின்னால வர்ற பஸ்ல ஏறிடுவோம்" என்றார். அவர் தலை குனிந்திருந்தது. கூண்டுக்குள் போடப்பட்டிருக்கும் நாற்காலிதான் அவர் கண்ணுக்குள் நின்றிருக்கவேண்டும்.

வாத்தியார் மட்டும் வந்த வழியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, நீ எந்தப் பக்கமா வந்த?"

"தண்டவாளத்துக்கு மேல படிக்கட்டுப் பாலம் இருக்கே சார். ஏறி இறங்கினா இந்தப் பக்கம்."

"நாம ஏன் சுத்தி வந்தோம்?"

எல்லார் கண்ணும் பஞ்சண்ணன் மேல் திரும்பின. அவர் நிமிர்ந்து, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி வாத்தியாரைப் பார்த்தார்.

"என்ன சார் பேசுறீங்க? பாலத்துப் பக்க ரோடு ஒன்வே. சுரங்கப்பாதை வழியா சுத்தித்தான் வரணும். நேரா வர பஸ்ஸுக்கு அனுமதி கிடையாது!"

பேக்கரிக்காரர்தான் முதலில் வெடித்தார். அடுத்து நர்ஸம்மாவுக்குப் புரையேறியது. ஒன்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடந்து வருகிறோம் என்பது தனக்கு மட்டுமல்ல, பின்னால் வந்த ஒருவருக்குக்கூட ஞாபகம் வரவில்லையே என்று பஞ்சண்ணன் அசடு வழிந்தார்.

மீட்டரக்கா தன் கைபேசியைப் பார்த்தாள். எண்களை வாசிப்பதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. "சுத்தினது மட்டும் ஒன்றரை கிலோமீட்டர்" என்றாள். அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள். "ஏங்க, வேண்டாத ஒன்றரை கிலோமீட்டர ஆட்டுக்குட்டி கதை சொல்லிச் சிரிச்சுக்கிட்டே நடந்தீங்க. இன்னும் அஞ்சே ஸ்டாப். வேண்டிய ரெண்டரை கிலோமீட்டர் நடக்க மாட்டீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். தன் தொடைகளைப் பார்த்தார். சற்று முன் கனத்தவை அவைதானா என்று சந்தேகமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து நிஜ ஏழாம் நம்பர் வந்து குலுங்கி நின்றது. "அண்ணே, ஏறுங்கண்ணே!" என்று கண்டக்டர் படியில் நின்று கூவினான்.

"நீ போப்பா" என்றார் பஞ்சண்ணன். "நாங்க எங்க வண்டியில வர்றோம்."

நர்ஸம்மாவின் ஆரஞ்சை ஆளுக்கு ஒரு சுளையாகத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். அந்த ஐந்து நிறுத்தமும் சுலபமாக இருந்தன என்று சொன்னால் பொய். இருபதாவதில் ஐந்து நிமிடம் நின்றார்கள், இருபத்தொன்றில் அவர் ஷூவைக் கழற்றி உதறி மாட்டினார். இருபத்திரண்டாவது நிறுத்தத்தின் கம்பத்தைத் தொட்டபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கம்பத்துக்கு எத்தனையோ ஆயிரம் தடவை வந்திருக்கிறார், ஒரு தடவைகூடக் கையால் தொட்டதில்லை. அதைக் கட்டிக்கொண்டு அழுதார், சிரித்தார், பிறகு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை டாக்டரம்மா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சண்ணன் முதல் மாடியில் ஒரு கணம் நின்றார். இரண்டாவதிலும் நின்றார்.

"என்ன, மூச்சு வாங்குதா?"

"இல்ல டாக்டர்" என்று மேலேயிருந்து பதில் வந்தது. "ஸ்டாப்பு."

சர்க்கரையும் அழுத்தமும் எல்லைக்குள் வந்திருந்தன. மாத்திரையை விடக்கூடாது, நடையையும் விடக்கூடாது, ஆறு மாதம் கழித்து மறுபடி வரவேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை சொல்லிவிட்டு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பஞ்சண்ணன் ஏழாம் நம்பரை எடுத்தார். நான்காவது நிறுத்தத்தில் வாத்தியாரும் கூட்டமும் நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். கடைசியில் மீட்டரக்கா. பஸ்ஸைப் பூப்போல நிறுத்திக் கதவைத் திறந்தார். மூன்று மாதமாக இந்த ஒரு நிமிடத்துக்குத்தானே காத்திருந்தார்!

"ஏறுங்க சார், உக்கார இடமே இருக்கு!"

வாத்தியார் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "நீங்க போங்க டிரைவர். நாங்க நடந்தே வந்துடறோம்."

"பாத்தீங்களாண்ணே" என்றான் கண்டக்டர். "ஏழு டிக்கெட் போச்சு, எல்லாம் நீங்க கெடுத்த ஆளுங்க."

பஞ்சண்ணன் பொய்க்கோபத்தோடு கதவைச் சாத்தினார். ஐந்தாவது நிறுத்தத்துக்கு முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்று தெருவே அடைத்துக் கிடந்தது. பத்து நிமிடம் அசைய முடியவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள், பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே. பஸ்ஸைத் தாண்டும்போது மனைவி அவர் ஜன்னலைத் தட்டினாள்.

"லேட்டுன்னு டைம் கீப்பர்கிட்ட சொல்லிடவா?"

"போடி" என்றார் அவர். அவள் ஓடிப்போய் எல்லாருக்கும் முன்னால் நின்றுகொண்டாள். திருப்பம் வந்ததும் வலது கையை நன்றாக நீட்டி சிக்னல் காட்டினாள். லாரி விலகியது. பஞ்சண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் எல்லாரும் திரும்பி முடிக்கும் வரை நிறுத்தி வழிவிட்டு, பிறகு வண்டியை எடுத்தார்.