ஆடு வெந்தது, பதிவு நடக்கவில்லை

ஆட்டை அறுத்துத் தின்று முடித்த பிறகுதான் எங்கள் பிஷ்கேக் ஆட்களுக்கு நோட்டரியின் ஞாபகம் வரும். எத்தனையோ வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோக்தோசுனும் அப்படித்தான் வந்தான்.

கென்ஜேபெக்கின் வீட்டை வாங்குவதாகப் பேசி அவன் முன்பணம் கொடுத்திருந்தான். பேச்சு முடிந்ததற்கு ஆடு அறுத்து விருந்து நடந்தது. பெரியவர்கள் கையேந்தித் துஆ ஓதி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். சாவி கைமாறியது. அத்தோடு வீடு தன்னுடையது என்று நினைத்துவிட்டான். மீதிப் பணமும் கொடுக்கவில்லை, பதிவும் நடக்கவில்லை. அதற்குள் சைரா என்ற பள்ளிக்கூடச் சமையல்காரிக்கு அதே வீட்டைக் கூடுதல் விலைக்குப் பேசி, அவளிடம் முன்பணமும் வாங்கிவிட்டான். அவளோ அதை நம்பித் தன் சின்ன அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டாள். வாங்கியவர்கள் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகளோடு அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

தோக்தோசுனும் சைராவும் கிரயம் எழுத என்னிடம் வந்தார்கள். பார்த்தால் வீடு இன்னும் கென்ஜேபெக் பெயரில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது வேறு. அதனால் அவர் மனைவி நூர்சாத் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அவள் மாஸ்கோவில் ஆஸ்பத்திரித் தரை துடைத்துப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"உன் பேர்ல இல்லாத வீட்டை நீ எப்படிப்பா விப்ப?" என்றேன்.

"பெரியவங்க துஆ ஓதியாச்சுக்கா. அதுக்கு மேல உங்க முத்திரை என்ன பெருசு?"

"பெரியவங்க கறி திங்க வந்தாங்க. வீட்டுக்காரி வந்தாளா?"

முன்பணம் கொடுத்தவனுக்கு வீட்டைக் கேட்கும் உரிமைதான் உண்டு, விற்கும் உரிமை கிடையாது என்று சொன்னேன். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதானாலும் புருஷன், பெண்டாட்டி இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூரை ஒழுகுகிறது, விற்றுவிடலாம் என்று கென்ஜேபெக் போனில் சொல்லி நூர்சாத்தைச் சம்மதிக்க வைத்துவிட்டதாகவும், கடிதம் வந்துகொண்டே இருப்பதாகவும் தோக்தோசுன் சைராவுக்குச் சமாதானம் சொன்னான்.

அந்தக் கடிதம் வந்திருக்கும். அதைக் கெடுத்தவன் தோக்தோசுனின் மச்சான். நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவருக்கு எங்களிடம் பரிசு உண்டு, சுயுஞ்சு என்போம். பரிசுக்கு ஆசைப்பட்டு அவன் கென்ஜேபெக்கின் தாயாரிடமே ஓடி, வீடு இன்னும் நல்ல விலைக்குக் கைமாறப் போகிறது என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாள் ஒரு சட்டைத் துணியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, கையோடு மாஸ்கோவில் இருக்கும் மருமகளுக்குப் போன் போட்டு அதைச் சொல்லிவிட்டார்.

கடிதத்துக்குப் பதிலாக நூர்சாத்தே வந்து இறங்கினாள்.

சைரா அன்று என் அலுவலக வாசலில் லாரியோடு நின்றாள். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டாள். கட்டில், தையல் மிஷின், மூட்டைகள், மூட்டைகளின் மேல் இரண்டு பிள்ளைகள். உள்ளே நூர்சாத் என் எதிரே உட்கார்ந்து, சம்மதம் கிடையாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"அது ஒழுகுற வீடுன்னா இத்தனை பேரு ஏன் அடிச்சுக்கறீங்க? கொழந்தைங்களை விட்டுட்டுப் போயி சம்பாதிச்ச வீடு அது. நான் இருக்கத்தான் வாங்கினேன்."

கென்ஜேபெக்கும் தோக்தோசுனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேன் வாங்கும் ஆசையில் விற்கப் பார்த்தவர் கென்ஜேபெக். முன்பணங்களை அவரவர் திருப்பிக் கொடுப்பதாக எழுதி வாங்கினேன். தோக்தோசுன் சாவியை மேஜையில் வைத்தான். சட்டப்படி எல்லாம் சரியாகிவிட்டது. சைராவுக்கு மட்டும் இரவு தங்க இடமில்லை. அதற்குச் சட்டத்தில் வழியில்லை.

நூர்சாத் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னல் வழியே லாரியைப் பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய்ச் சாவியைச் சைராவின் கையில் வைத்தாள்.

"வீட்டை விக்கிறதா இல்ல. தெருப்பக்கத்து ரூம் உனக்கு, உள் ரூம் எனக்கும் என் கொழந்தைங்களுக்கும். வேற எடம் கெடைக்கிற வரைக்கும் இரு. பிள்ளைங்கள மொதல்ல எறக்கு, குளிருது."

சைரா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பின்னாலேயே வந்த கென்ஜேபெக் அப்போதுதான் வாயைத் திறந்து, தான் எங்கே படுப்பது என்று கேட்டார்.

"துஆ ஓதின பெரியவங்க வீட்ல போய்ப் படுங்க," என்றாள் நூர்சாத்.