அக்கா வளைவாள்

"உன் அக்காவும் உன்னை மாதிரி வாயே திறக்காதவதானே, அவளால மட்டும் எப்படி முடியுது?"

ஒன்பதாம் வகுப்பில் வாய்மொழித் தேர்வுக்குக் கரும்பலகை முன் நின்றபோது வரலாற்று ஆசிரியை என்னிடம் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்த வாரமே பள்ளியை விட்டேன். இப்போது பாலத்தருகே ரொட்டிக் கடையில், களிமண் அடுப்பின் உட்சுவரில் மாவை அறைந்து ஒட்டுகிறேன்.

அக்கா ஷொரேனாவும் நானும் ஒரே மாதிரிதான். விருந்தாளி வந்தால் இருவரும் பின்கட்டுக்கு ஓடுவோம். தொலைபேசி அடித்தால் நீ எடு, நீ எடு என்று தள்ளிக்கொள்வோம். ஆனால் தேர்வு நாளில் அவள் கோழிக்கூண்டின் முன் நின்று கோழிகளிடம் பாடம் ஒப்பிப்பாள். பிறகு பள்ளிக்குப் போய் அதையே சொல்வாள். வீடு திரும்பியதும் வாந்தி எடுப்பாள். மறுநாள் பழைய ஷொரேனா. எனக்கு அது வராது. வர வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

அன்று எங்கள் வீட்டில் அவளுக்கும் வாஷாவுக்கும் நிச்சய விருந்து. எங்களுக்கு அப்பா இல்லை; அதனால் விருந்தில் வாழ்த்துகளை நடத்தும் மேசைத் தலைமையை வாஷாவின் மாமா ஒத்தாரிடமே அம்மா கொடுத்திருந்தாள். காலையில் கத்தரிக்காய்க்கு வால்நட் அரைத்துக்கொண்டிருந்தபோது அக்கா என்னருகே வந்தாள்.

"ஹாத்தியா, மாமா உனக்கும் வாழ்த்துச் சொல்ல முறை கொடுப்பார். ஒரே ஒரு வரி சொல்லிடுடி."

"மாட்டேன்."

"எனக்கும்தான் பயம். நான் சொல்லலையா?"

"நீ சொல்லு. உன்னால முடியும்."

அம்மா இடையில் புகுந்தாள். "பேசாத பொண்ணுன்னா கிறுக்கும்பாங்க. கிறுக்கு இருக்கிற வீட்ல யாரும்மா பொண்ணெடுப்பா? அக்கா கல்யாணம் உன் நாக்குல தொங்குது, ஞாபகம் வச்சுக்க."

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் கல்யாணம் நின்றிருக்கிறது.

சமாதானத்துக்கு வாழ்த்துச் சொல்லித் திராட்சை மது குடித்தோம். இறந்தவர்களுக்குக் குடித்தோம். ஒத்தார் மாமா ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று, குரல் நடுங்க, அழகாகத்தான் பேசினார். பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

"அலவேர்தி, ஹாத்தியா! மணமக்களுக்கு உன் வார்த்தை."

அலவேர்தி என்று வாழ்த்தும் முறையை ஒருவரிடம் கொடுத்துவிட்டால் அவர் பேசியே ஆக வேண்டும். அவர் பேசி முடிக்காமல் அடுத்த வாழ்த்து கிடையாது. நான் எழுந்தேன். அக்காவைப் பார்த்தேன். குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

"நாக்கை அடுப்புச் சுவத்துலயே ஒட்டிட்டு வந்துட்டியா, பொண்ணே?" என்றார் ஒத்தார் மாமா.

மேசை முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், பயத்தில்.

"வார்த்தை இல்லாம குடிச்சா அது வாழ்த்து இல்ல, வெறும் தாகம்," என்றார். "ஊத்துங்க அவளுக்கு. மறுபடியும்."

மறுபடியும் எழுந்தேன். இந்த முறை குடிக்கவில்லை, உட்காரவும் இல்லை. கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். காது கொதித்தது. கொதிக்கட்டும் என்று விட்டேன். மேசையில் பாலாடைக்கட்டி ரொட்டி ஆறி இறுகிக்கொண்டிருந்தது.

"சொல்லிடும்மா," என்று அம்மா கெஞ்சினாள்.

அக்கா எழுந்தாள். "அவளுக்குப் பதிலா நான் சொல்றேன், மாமா."

"அது செல்லாது. நீயும் முன்னாடி இப்படித்தான் இருந்தியாமே? திருந்திட்ட, பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு. சரி, உன் வார்த்தையைச் சொல்லு. இவ கேட்டுக் கத்துக்கட்டும்."

அக்கா அன்று காலை கோழிகளிடம் சொல்லிப் பார்த்த பேச்சு முழுதாக அவளிடம் இருந்தது. எனக்குத் தெரியும், சன்னல் வழியாகக் கேட்டிருந்தேன். வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, கோப்பையைத் தூக்கி, நான் நின்றதைப் போலவே நின்றாள்.

வளையத் தெரிந்தவள் என் பக்கமும் வளைவாள் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஷொரேனா?" என்றார் மாமா. அவள் கோப்பையை இறக்கவில்லை. "வாஷா, என்னடா இது? உனக்கு வரப்போறவளைப் பேசச் சொல்லு!"

வாஷா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் நெற்றி வியர்த்திருந்தது. பாலாடைக்கட்டி ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து அக்காவின் தட்டில் வைத்தான்.

"அவங்க நின்னு முடிக்கட்டும் மாமா," என்றான். "நாம காத்திருப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒத்தார் மாமா நிறைந்திருந்த கோப்பையை அப்படியே மேசையில் வைத்தார், ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார், தனியாக வெளியே போனார்.