யெப்தாவின் மகளுக்கு ஒரு சந்தோஷப் பாட்டு

நேப்பிள்ஸில் சாம்பல் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிட்டால் இறைச்சிக்கும் காதலுக்கும் பூட்டுப் போட்டுவிடுவார்கள். நாடக அரங்கையும் பூட்டத்தான் வேண்டும். ஆனால் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. அதனால் விவிலியக் கதையாக இருந்தால் தவக்காலத்திலும் ஓபரா என்னும் இசை நாடகம் போடலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். பாடகர்கள் அதே பாடகர்கள்தான், மெட்டுகளும் ஏறக்குறைய அதே மெட்டுகள்தான். போன மாதம் துருக்கித் தளபதியாக வந்தவனுக்குத் தாடி ஒட்டினால் தீர்க்கதரிசி. அந்தத் தாடியை எழுத்தில் ஒட்டும் வேலை என்னுடையது. என் பெயர் லிபோரியோ. அரங்கத்தில் சம்பளத்துக்குப் பாட்டெழுதும் கவிஞன்.

அந்த வருடம் அரங்க முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கார்னிவல் திருவிழாவுக்குத் தச்ச சிப்பாய் உடுப்பு முப்பது சும்மாக் கிடக்கு. படை வர்ற மாதிரி வேதத்துல ஒரு கதை பாருங்க" என்றார். பார்த்தேன். யெப்தா கிடைத்தான். போருக்குப் போகிறவன், ஜெயித்துத் திரும்பினால் தன் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைக் கடவுளுக்குப் பலியிடுவதாக நேர்ந்துகொள்கிறான். ஜெயிக்கிறான். கஞ்சிரா தட்டிக்கொண்டு முதலில் ஓடி வருவது அவனுடைய ஒரே மகள். நேர்ந்தபடியே செய்தான் என்று வேதம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

எழுதும்போது உமக்கு உறைக்கவில்லையா என்று கேட்பீர்கள். உறைக்கவில்லை. ஏனென்றால் என் வீட்டிலும் ஒரு நேர்ச்சை இருந்தது, அது பழகிப்போயிருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் என் முதல் நகைச்சுவை ஓபராவின் முதல் நாள். இரண்டாவது பாட்டிலேயே விசில் ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊரில் விசில் அடித்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நான் திரைக்குப் பின்னால் மண்டியிட்டு, எங்கள் ஊர்க் காவல் புனிதரிடம், "சான் ஜென்னாரோ, இவங்க வாயை மூடு, என் மகளை உனக்கே கன்னியாஸ்திரியாத் தர்றேன்" என்றேன். அந்த நேரம் மேடையில் ஒரு பூனை குறுக்கே போனது. ஜனங்கள் சிரித்தார்கள், விசிலை மறந்தார்கள். நாடகம் மூன்று நாள் ஓடியது. அந்தப் பெருமையில் நானே மேட்டுக் கன்னிமடத்துக்குப் போய்த் தலைவி அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் மகள் எர்சிலியாவுக்கு அப்போது எட்டு வயது. தாயில்லாப் பிள்ளை.

இப்போது பத்தொன்பது. ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை அவள் மடத்துக்குள் போக வேண்டும். ஒரே ஒருமுறை, "எனக்கு அங்க போக இஷ்டமில்லப்பா" என்றாள். "புனிதர்கிட்ட வாக்குக் குடுத்தாச்சும்மா" என்றேன். அதற்குமேல் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும். என் கிறுக்கலை எல்லாம் மூன்று பிரதி எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் போய்விட்டால் இனி யார் எழுதுவார்கள் என்று வருந்தினேன். அவளை நினைத்தும் வருந்தினேன், ஆனால் அது இரண்டாவதாக.

எழுதி முடித்ததைத் தலைமைப் பாடகி மாடாமா திராபால்சாவிடம் கொண்டுபோனேன். அவர்தான் யெப்தாவின் மகள். வயது நாற்பத்தாறு.

"கவிராயரே, கடைசிக் காட்சியில நான் எங்க நிக்கிறேன்?"

"பலிபீடத்து மேல, மாடாமா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் புகைதான்."

"புகை பாடுமா?"

அவர் விசிறியை மடக்கினார். "என் ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க. கடைசிப் பாட்டு என்னுது, அதுவும் சந்தோஷப் பாட்டு. செத்தவ பாட மாட்டா. அதனால நான் சாக மாட்டேன். வேதத்தை என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க."

வேதத்தை ஏதாவது செய்ய வேண்டுமென்றால் தணிக்கை பார்க்கும் ஸ்கோன்யாமிலியோ சாமியாரின் கையெழுத்து வேண்டும். மறுநாள் காலை கதையை மாற்றி எழுதிக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போனேன். எர்சிலியாவும் வந்தாள். சாமியார் திருத்தம் சொல்லச் சொல்லப் பிரதியில் ஏற்றுவதற்காக அவள் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

சாமியார் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "லிபோரியோ, வேதத்துல செத்தவளை நீ எப்படிப்பா எழுப்பினே?"

"எழுப்பல சாமி. சாகவே விடல."

"அந்த உரிமை உனக்கு யார் குடுத்தது?"

ஒப்பந்தம் என்று சொல்ல முடியுமா? தர்மம் பேசினேன். ஒரு மணி நேரம் பேசினேன். அவர் நல்ல மனிதர், கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஒண்ணு பண்ணு. அவ சாகல, ஆயுசு முழுக்கக் கன்னியாக் கோயிலுக்குள்ளேயே இருந்துட்டான்னு சில பண்டிதர்கள் சொல்றாங்க. அப்படியே வச்சுக்க. கதவைச் சாத்திடு, உயிர் தப்பிச்சுது."

நியாயமான வழிதான். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் மாடாமா சந்தோஷமாகப் பாட முடியாது. அவர் விசிறி என் கண்முன் வந்தது. எனக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"அதுவும் சாவுதான் சாமி. கொஞ்சம் மெதுவா வரும், அவ்வளவுதான். ஆட்டை நேர்ந்துக்கட்டும், ஆடு அவனோடது. பொண்ணு அவன் வீட்டு ஆடா? ஜெயிக்கணும்னு ஆசை அவனுக்கு, அதுக்குப் பலி அவளா? அவளை ஒரு வார்த்தை கேட்டானா அந்தப் பாவி?"

என் குரல் தழுதழுத்தது. வாதத்தில் நான் கெட்டிக்காரன். சாமியார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினார். மூலையில் பேனாச் சத்தம் நின்றுபோயிருந்தது. மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நடுப்பகல் மணி அடிக்கும்போது சாமியார் பணிந்தார். ஆனால் கடைசிக் காட்சியில் தலைமைக் குரு சொல்லும் தீர்ப்பைத் தானே எழுதித் தருவேன் என்றார். என்னை நம்பினால் வேதத்தில் எதையாவது கிறுக்கி வைப்பேனாம். எழுதினார்: 'ஒருவன் தனக்கு உரியதை மட்டுமே கடவுளுக்கு நேர முடியும். மகளின் சம்மதமின்றித் தகப்பன் செய்த நேர்ச்சை அவளைக் கட்டாது. அதை நிறைவேற்றுவதே பாவம்.' அதன் கீழே, திருச்சபைப் போதனைக்கு முரணில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எர்சிலியா மூன்று பிரதி எடுத்தாள். அலுவலகத்துக்கு ஒன்று, அரங்கத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றிலும் அவரே அரக்கு முத்திரை வைத்தார்.

நாடகம் அமோகமாக ஓடியது. மாடாமாவைக் கடைசிப் பாட்டை மூன்றுமுறை பாடவைத்தார்கள். முப்பது சிப்பாய்களும் கண்ணைத் துடைத்தார்கள். இது எந்த வேதத்தில் இருக்கிறது என்று ஒரே ஒரு கிழவர் கேட்டார், அவரையும் பக்கத்தில் இருந்தவர்கள் அடக்கிவிட்டார்கள்.

ஈஸ்டர் திங்கள் வந்தது. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு மகளை அழைத்துப் போனேன். மடத்தின் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தலைவி அம்மா உட்கார்ந்திருந்தார். எர்சிலியா பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினாள். என் பங்குக்கு வந்த பிரதி. அம்மா நிதானமாகப் படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது தணிக்கைச் சாமியார் முத்திரைதானே, தோன் லிபோரியோ?"

"அது நாடகத்துக்கு எழுதினது அம்மா" என்றேன். வியர்த்தது. "எர்சிலியா, என்ன காரியம் பண்றே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்குச் சாமியார்கிட்ட நீங்க பேசினப்போ எனக்காகத்தான் பேசுறீங்கன்னு நெனச்சேன்பா. ரெண்டு வரி எழுத முடியல. வெளிய வந்ததும் 'மாடாமாவுக்குப் பாட்டு கெடச்சாச்சு'ன்னீங்க. அந்தம்மாவுக்கு ஒரு பாட்டு போயிடக் கூடாதுன்னு அரை நாள் வாதாடினீங்க. எனக்காக ஒரு நிமிஷம் வாதாடியிருக்கீங்களா?"

வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேட வேண்டியதில்லை, வெட்கம்தான்.

தலைவி அம்மா கேட்டார்: "சாமியார்கிட்ட அன்னிக்குச் சொன்னதை மனசாரத்தான் சொன்னீங்களா?"

"இல்லம்மா. அன்னிக்கு இல்ல. இப்பச் சொல்றேன்."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? உங்க மக அங்க நிக்கிறா."

நான் திரும்பி, அவளிடம் சொன்னேன். ஆடு, ஆசை, பாவி, எல்லாவற்றையும் மெட்டும் எதுகையும் இல்லாமல், தட்டுத்தடுமாறி. அந்தப் பாவி நான்தான் என்றும், என் நேர்ச்சை அவளைக் கட்டாது, வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னேன். என் சொற்களையெல்லாம் மூன்று பிரதி எடுத்துப் பழகியவள், முதல்முறை கேட்பவளாக நின்று கேட்டாள்.