இரண்டு சட்டிக் கஷாயம்

நாத்தனார் காய்ச்சிக் கொடுத்த கஷாயத்தில் கணவனின் தொண்டை திறந்தது. மெய்-சூ காய்ச்சியதில் மறுபடி அடைத்துக்கொண்டது. ஏன் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. மருந்துக்கடையும் மூலிகையும் ஒன்றுதான். மூன்று கிண்ணம் தண்ணீரை ஒரு கிண்ணமாக வற்ற வைக்கும் கணக்கும் ஒன்றுதான்.

கணவன் சுங்-லியாங் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவன். சனிக்கிழமை பெரிய சூரை மீன் ஏலம். அன்றைக்குக் குரல் வராவிட்டால் வேறொருவனைக் கூவ விடுவார்கள், பிறகு அவனையே வைத்துக்கொள்வார்கள்.

முதலில் அவள் சந்தேகப்பட்டது சட்டியைத்தான். அவளுடையது மின்சாரச் சட்டி, நாத்தனார் லி-குவானுடையது மண்சட்டி. புதனன்று மண்சட்டியை இரவல் வாங்கிக் காய்ச்சினாள். பலனில்லை. ஆக, குற்றம் சட்டியில் இல்லை.

வியாழனன்று லி-குவானையே அழைத்தாள். "நீங்களே காய்ச்சுங்க அண்ணி. நான் பாக்குறேன்."

"எனக்குப் பரீட்சையா?" என்றபடி லி-குவான் வேர்களைச் சட்டியில் கொட்டி அடுப்பைப் பற்றவைத்தாள். மருந்துக்கடையில் வேர்களோடு கூடவே கொடுத்த சின்னப் பொட்டலம் மேடையிலேயே கிடந்தது. மெய்-சூ அதைக் கவனித்தாள். போனில் யாரோடோ அரைமணி நேரம் பேசிவிட்டுத் திரும்பிய லி-குவான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இன்னைக்கும் மறந்துட்டேன். போட்டுடலாம், யாருக்குத் தெரியப் போகுது." பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி மூடினாள்.

சிறிது நேரத்தில் சமையலறை முழுக்கப் புதினா மணந்தது. மெய்-சூ காய்ச்சியபோது இந்த மணம் கிண்ணம்வரை வந்ததே இல்லை. மறந்துவிடக் கூடாதென்று அவள் அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் போடுவாள்.

மருந்துக்கடைக்குப் போன் செய்தாள்.

"அதைக் கடைசியிலதாம்மா போடணும்," என்றார் கடைக்காரர்.

"பொட்டலத்து மேல எழுதலையே நீங்க?"

"இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"எங்க அண்ணிக்கே தெரியாது. மறந்து மறந்துதான் சரியா செஞ்சிருக்காங்க."

"கெட்டிக்காரின்னு சொல்ல வாய் வராதே உனக்கு," என்றாள் பக்கத்தில் நின்ற லி-குவான்.

வெள்ளி மாலை சுங்-லியாங் குளியலறையில் சூரைக்கு விலை கூவிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் பதில் விலை கேட்டார்.

வேர் கெட்டியானது, அரைமணி கொதித்தால்தான் சாரம் இறங்கும். புதினாவின் குணமோ அதன் வாசனையில் இருக்கிறது, அரைமணி கொதித்தால் ஆவியோடு போய்விடும். எனவே வேரை முதலில் போட வேண்டும். இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் புதினாவைப் போட்டு மூடிவிட வேண்டும்.