இறங்கிய எண்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. போடி கடைவீதியில், ஏலக்காய் மண்டி ஒன்றில் ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. நியாயப்படி அந்தப் பாதியிலிருந்துதான் எழுத வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் நல்ல சரக்கை மேலே பரப்பித்தான் மூட்டையைத் திறந்து காட்டுவார்கள். ஆகவே சிரிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

2

'மேகமலையில் பனி இறங்கிய வேளையில் ஒரு சிசு...'

வேண்டாம். பனிக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜ், மகள் ஜெனிபருக்குச் சிசேரியனில் பிறந்த பேரனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே ஒட்டிப் போய் வந்தது. டாக்டர் அனுசுயா ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார்.

"லாக்டேட் ஏறியிருக்குய்யா. உடம்புக்கு ஆக்ஸிஜன் பத்தலைன்னா ரத்தத்துல கூடுற சமாச்சாரம். பிள்ள இப்ப சமாளிக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா மூச்சுத்திணறல் இன்னும் மோசமாகும்னு இந்த நம்பர் முன்கூட்டியே சொல்லுது. மதுரைக்குக் கொண்டுபோயிருங்க. வண்டி தயாரா நிக்கிது."

மருமகன் அஜய்குமார் மாமனார் முகத்தைப் பார்த்தான். தலைப்பிரசவம் பெண்வீட்டுப் பொறுப்பு. பேச்சும் அவர்கள் பொறுப்பு.

"இன்னொருக்கா பாருங்க டாக்டரம்மா," என்றார் பொன்னுராஜ்.

(முதலில் சொன்னதை ஒப்புக்கொள்வது அவர் பிறவியிலேயே கிடையாது. மகள் கல்யாண ஆராதனை நேரத்தைக்கூட பாஸ்டரிடம் பேசி அரைமணி இறக்கியவர்.)

மறுபடி பார்த்தார்கள். எண் சற்றே குறைந்திருந்தது.

"பாத்தீகளா? எறங்குது!"

"எறங்கியும் ஆபத்தான அளவுலதான்யா நிக்கிது. இதுல பேரம் பேச முடியாது."

3

இந்த இடத்தில் டாக்டரின் பொறுமை மேல் எனக்குச் சந்தேகம். நிஜத்தில் யாராவது இவ்வளவு... விடுங்கள். பொன்னுராஜ் மேல் சந்தேகமே இல்லை. எங்கள் தெருவில் பாதிப்பேர் அவர்தான்.

ஒருமுறை இறங்கியது இன்னும் இறங்கும் என்பது அவர் வியாபாரக் கணக்கு. இறக்க ஒரே வழி, வேண்டாம் என்று எழுந்து நடப்பது. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"யோசிச்சுச் சொல்றோம்."

எதிரே டீக்கடையில், ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஏறிவிடும். எப்படியும் கூப்பிடுவாக.

[மண்டியில் இதுவரைக்கும்தான் சிரித்தார்கள்.]

டீ ஆறிய நேரத்தில் அஜய்குமார் ஓடிவந்தான். பொன்னுராஜ் திரும்பாமலே கேட்டார்:

"எவ்வளவுக்கு வந்துச்சு?"

"பிள்ள நீலம் பாஞ்சுருச்சு மாமா."

4

பிள்ளையோடு டாக்டரையும் அஜய்குமாரையும் ஏற்றிக்கொண்டு வண்டி மதுரைக்குப் போய்விட்டது.

முடிவு ஒன்று: பிள்ளை பிழைக்கிறான். 'நாந்தான் பேசி எறக்குனேன்' என்று பொன்னுராஜ் ஆயுசு முழுக்கச் சொல்லித் திரிகிறார். எழுதக் கை கூசுகிறது.

முடிவு இரண்டு: உசிலம்பட்டியைத் தாண்டும்போது

எது நடந்தது என்று கதை சொன்னவரிடம் கேட்டேன். அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. அவர் சரக்கு காட்டப் போய்விட்டார்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: பொன்னுராஜின் போன் அடிக்கிறது. அஜய்குமார். கேட்டுவிட்டு வைக்கிறார். பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளிந்த ஜெனிபர் கண்ணைத் திறக்கிறாள்.

"பிள்ளைய எங்கப்பா?"

அவர் துண்டை உதறித் தோளில் போடுகிறார். நீங்களாவது சொல்லுங்கள். அவள் காத்திருக்கிறாள்.