குழிக்கு ஒரு வாழைமரம்

நலியாகா, தன் மக்காச்சோளக் கொல்லையில் மகோகா சவக்குழி வெட்டச் சொல்லியிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் வெட்டுக்கத்தியும் கையுமாகக் கிளம்பினாள்.

மறுநாள் காலை நீதிமன்ற ஆட்கள் போலீசோடு வந்து அவனை வெளியேற்றுவதாக இருந்தது. அவளுடைய நிலத்தை விலை பேசி, முன்பணம் மட்டும் கொடுத்து, அதில் தகரக் கொட்டகை போட்டவன் மிச்சத்தைக் கொடுக்கவே இல்லை. ஒப்பந்தம் செல்லாது, முன்பணத்தை வாங்கிக்கொண்டு காலி செய் என்று தீர்ப்பானது. அவளும் பசுவை விற்று நீதிமன்றத்தில் கட்டிவிட்டாள். மகோகா அசையவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஜாதி.

இப்போது ஆஸ்பத்திரியில் அவன் அப்பா செத்துப்போனார். பாவம், அந்தக் கிழவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கென்யாவில் அந்தப் புங்கோமா பக்கத்தில் அப்பனைப் புதைத்த இடம் மகனுடைய வீடு. பிணம் மண்ணுக்குள் போய்விட்டால் எந்தத் தீர்ப்பு வந்தும் பயனில்லை. தோண்டி எடுக்க யாரும் கை வைக்கமாட்டார்கள். அவளும் அவளுடைய மூன்று பெண்களும் உகாலிக் களி கிண்டித் தின்ன அந்த ரெண்டு ஏக்கரை விட்டால் வேறு வழியில்லை.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது குழி தயாராக இருந்தது. வெட்டிய ஊர்க்காரன் சிமியுவும் கூட்டாளிகளும் கைகழுவிக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டுடா என் கொல்லையில வெட்டின?"

"சாவுக்குக் கூப்பிட்டா வராம இருக்க முடியுமாக்கா? நாளைக்கு எனக்கு யாரு வெட்டுவா? உங்க சண்டைய மகோகாகிட்ட வச்சுக்குங்க. பொணத்தோட வந்துக்கிட்டே இருக்கான்."

"பொணத்துக்கும் நோட்டீஸ் குடுப்பாங்களோ?" என்றான் ஒருவன். சிரித்துக்கொண்டே எல்லோரும் கொட்டகைக்குச் சாப்பிடப் போனார்கள்.

நலியாகா குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்டிய குழியை வெறுங்குழியாக விடக்கூடாது என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிணம் வராமல் போனால் அதற்குப் பதில் ஒரு வாழைமரத்தைக் கிடத்தி மூடுவார்கள். இல்லாவிட்டால் குழி தனக்கு ஆள் தேடிக்கொள்ளும்.

ஓரத்து வாழையில் ஒன்றை வெட்டுக்கத்தியால் சாய்த்தாள். இழுத்து வந்து குழிக்குள் உருட்டினாள். "கோவிச்சுக்காதீங்க பெரியவரே" என்று சொல்லி முதல் மண்ணைத் தள்ளினாள்.

சிமியு கத்திக்கொண்டு ஓடி வந்தான். "அக்கா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"குழிக்கு ஆள் வந்தாச்சு. மூடு."

"வெளிய எடுங்க அதை!"

"நீ எடேன். போட்டதை எடுத்தா பொணத்தத் தோண்டின பாவம். மூடாம விட்டா, வெட்டினவன் வீட்டுக்குத்தான் முதல்ல ஆள் தேடி வரும்."

அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சிமியு மண்வெட்டியை எடுத்தான்.

மழை பிடித்த பிறகு பிக்கப் வண்டி சவப்பெட்டியோடு வந்தது. மண்மேட்டைப் பார்த்ததும் மகோகாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பக்கத்துல இன்னொண்ணு வெட்டுங்கடா!"

ஒருவரும் நகரவில்லை.

"ஒரு சாவுக்கு ரெண்டு குழியா? ரெண்டாவது ஆள் யாரு, உன் புள்ளையா?" என்றான் சிமியு.

மகோகா மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நலியாகாவை நோக்கிப் பாய்ந்தான். "உன்னையே போட்டு மூடறேன்டி!"

அவள் மண்மேட்டின் மேல் ஏறி நின்றாள்; இறங்கவில்லை.

"கீழ போடுடா அதை!" வண்டியிலிருந்து செத்தவரின் தங்கை நபங்காலா இறங்கி வந்தாள். "எங்கண்ணன் சாகும்போது என்ன கேட்டாரு? சொந்த மண்ணுல உங்கம்மா பக்கத்துல படுக்கணும்னு கேட்டாரு. அவரை இங்க வேலிக்கால் மாதிரி நட வந்தியா நீ?"

மகோகாவின் கை தாழ்ந்தது. "அங்க போக எனக்கு மூஞ்சி இல்ல அத்தை. அப்பா நிலத்துல என் பங்கை வித்துட்டுத்தானே இவகிட்ட நிலம் வாங்க வந்தேன்."

"பங்கைத்தான் வித்த. உங்கம்மா பொதைஞ்ச மண்ண விக்கல. அங்க உன் தம்பி வாசல்ல போய் நின்னு கேளு, வா."

இத்தனை நாள் வழக்கில் இந்தச் சங்கதி நலியாகாவின் காதுக்கு வந்ததே இல்லை. அவளுக்கு அவன் மேல் இருந்த ஆத்திரம் சட்டென்று எங்கே போனதென்று தெரியவில்லை.

திரும்பிய வண்டி சேற்றில் புதைந்து நின்றது. ஆண்கள் தள்ளினார்கள், சக்கரம் சுற்றியதே தவிர நகரவில்லை. வண்டியின் பின்னால், பெட்டியின் கால்மாட்டில், தள்ள இன்னும் ஓர் ஆளுக்கு இடமிருந்தது. நலியாகா போய்த் தோள் கொடுத்தாள். பக்கத்தில் மகோகா மூக்கு ஒழுக அழுதுகொண்டே தள்ளினான்.

"நாளைக்குப் போலீசு வேணாம். தகரத்த நானே பிரிச்சுக்கறேன்" என்றான், அவளைப் பார்க்காமல்.

வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்து எல்லையைத் தாண்டிப் போனது. நலியாகா சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"நிலம் கிடைச்சிருச்சு, இப்ப எதுக்குக்கா அழுவுறீங்க?" என்றான் சிமியு.

"நான் வெளிய போகச் சொன்னது மகோகாவைடா. அந்தப் பெரியவரை இல்ல" என்றாள்.