முதுகு வலிக்கு வாயைத் திற

"முதுகு வலிக்குதுன்னு வந்தா வாயைத் திறங்கிறாரு டாக்டர். பல்லு வலின்னு வந்திருந்தா எங்கே குத்தியிருப்பாரோ!"

காலையிலிருந்து அவன் பாடுவது இதே பாட்டு. ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தவர்கள் முதல் தடவை சிரித்தார்கள். இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் மனைவிக்குத்தான் தலை வெடித்தது. பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவன் அவன். அவனை விட்டு நகர முடியாமல் அவளும் பட்டினி.

கிடங்கில் அவனுக்குக் ‘கிரேன்’ என்று பேர். இரண்டு மூட்டையைச் சேர்த்துச் சுமக்கிற முதுகு. அந்த முதுகுக்குள்தான் கோளாறு. நுரையீரலைப் போர்த்திய மெல்லிய உறை ஓரிடத்தில் தடித்திருப்பதாக ஸ்கேன் காட்டியது. அன்றே டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம், ஊசி விட்டுத் துளி சதை எடுத்தால்தான் தெரியும் என்றார். புற்றுநோய் என்ற பேச்சை அவள் அவனிடம் சொல்லாமல் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டாள்.

முதுகு வழியாக இரண்டு தரம் முயன்றார்கள். கை பட்டதும், மூட்டை ஏறப் போகிற மாதிரி அவன் தம் கட்டி விறைத்துக்கொண்டான். ஊசி போய்ச் சேரவில்லை.

"அந்த இடம் ரொம்ப உள்ளே இருக்கும்மா. உணவுக்குழாய் அதை ஒட்டித்தான் போகுது. வாய் வழியா ஒரு குழாய் விடுவோம், நுனியிலேயே குட்டி ஸ்கேன் இருக்கும். பார்த்துக்கிட்டே ஊசியைச் செலுத்தலாம். மயக்கத்துல இருப்பாரு, விறைக்க மாட்டாரு" என்றார் டாக்டர்.

அதற்குத்தான் இன்று வந்திருந்தார்கள். நர்ஸ் கூப்பிட்டதும் அவன் எழுந்து படிக்கட்டுப் பக்கம் நடந்தான்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள். "குடிச்சா இன்னைக்கும் போச்சு! மனுஷனா நீங்க? ராத்திரி பூரா முனகறீங்க, விடிஞ்சா ஜோக் அடிக்கறீங்க. உள்ளே என்ன இருக்குன்னு தெரிய வேணாமா?"

"புத்துநோய்னு தெரிஞ்சா?"

அவள் பிடி தளர்ந்தது. "யார் சொன்னா?"

"அந்த ரூம் கதவு என்ன அவ்வளவு கெட்டியா? பழக்கதோஷத்துல தம் கட்டினேன்னு டாக்டர்கிட்ட சொன்னதெல்லாம் பொய்டி. ஊசி போகக் கூடாதுன்னுதான் கட்டினேன்."

"அடப்பாவி மனுஷா! உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான் உள்ளுக்குள்ள வெந்து சாகறேன். நீங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எனக்குப் பல்லு வலிக் கதை சொல்றீங்களா?"

"அண்ணே, வர்றீங்களா, அடுத்த ஆளைக் கூப்பிடவா?" என்றாள் நர்ஸ்.

"வருவாரு!" என்ற மனைவி அவன் பக்கம் திரும்பினாள். "ரெண்டு பேரும் தம் கட்டினது போதும். போய்ப் படுங்க."

அவன் செல்போனை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனான்.

அடுத்த வாரம் முடிவு வந்தது.

"இந்தத் தடவை சதை நல்லா கிடைச்சுது. காசநோய்தான். மாசக்கணக்கா மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றார் டாக்டர்.

"அப்பாடா, காசநோய்!" என்று அவள் கத்திய கத்தலில் டாக்டரே மிரண்டுபோனார்.

வெளியே வந்ததும் அவன் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இவ்வளவு பெருசா இருக்கே! இதை முதுகு வழியா போட முடியாதாமா?"

அவளுக்குச் சுர்ரென்று எரிச்சல் ஏறியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு பயம் கலக்காத எரிச்சல். கையிலிருந்த பையால் அவன் தோளில் ஒன்று போட்டாள்.